தலைக்குக் கலர் போடும் முன்: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

 

பெருநாளும் கல்யாண சீசனும் நெருங்கிவிட்டால் நமது அறக்கட்டளைக்கு வரும் கேள்விகளில் தலைச்சாயம் பற்றியவை கூடிவிடுகின்றன. "பார்லரில் குளோபல் கலர் போடச் சொல்கிறார்கள், போடலாமா? உளூ கூடுமா? எந்தக் கலர் நம் முடிக்கு எடுக்கும்? ஒரு மாதத்திலேயே செம்பட்டையாகிவிட்டதே, ஏன்?" என்று சகோதரிகள் கேட்கிறார்கள். தாடிக்கு டை அடிக்கும் சகோதரர்களுக்கும் இதே சந்தேகங்கள் உண்டு. ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். அழகுக்காகச் செலவழிக்கும் காசு வீணாகக் கூடாது, அதைவிட முக்கியமாக உடம்புக்குத் தீங்கு வரக் கூடாது என்பதே நம் நோக்கம்.

மார்க்கத்தின் நிலை

நரைத்த முடிக்குச் சாயமிடுவது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது மட்டுமல்ல, ஆர்வமூட்டப்பட்டதும்கூட. மக்கா வெற்றியின் நாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபா வெள்ளை வெளேரென்ற தலையோடும் தாடியோடும் கொண்டுவரப்பட்டபோது, அந்த வெண்மையை மாற்றும்படியும் கருப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. மருதாணியும் கதம் என்னும் செடியின் இலையும் அன்று பழக்கத்தில் இருந்த சாயங்கள்.

கருங்கருப்புச் சாயம் விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அது ஹராம் என்ற கருத்தையே சரியானதாகக் கொண்டார்கள். மற்ற மத்ஹபுகளில் மக்ரூஹ் என்ற கருத்தே பெரும்பாலும் காணப்படுகிறது. உங்கள் நிலைமையைச் சொல்லி நம் பள்ளி இமாமிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். பிரவுன் வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை. கணவர் இறந்து இத்தாவில் இருக்கும் சகோதரிகள் அலங்காரச் சாயங்களைத் தவிர்க்க வேண்டும்.

உளூ, குளிப்பு பற்றி: முடிக்குள் ஊறி நிறத்தை மட்டும் மாற்றும் சாயம் தண்ணீரைத் தடுக்காது. மருதாணியின் நிறமும் பார்லர் கலரும் இந்த வகைதான். முடிமேல் பூச்சாகப் படிந்து நிற்கும் கலர் மெழுகு, கலர் ஸ்ப்ரே போன்றவை தண்ணீரைத் தடுக்கலாம். அவற்றைக் கழுவி நீக்கிய பிறகே குளிப்பு நிறைவேறும்.

நம் முடியின் தன்மை

ஒரு முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே மீன் செதில் போல அடுக்கடுக்கான ஓர் உறை இருக்கும். அதற்குள் இருக்கும் தடித்த பகுதியில்தான் மெலனின் என்னும் நிறப்பொருள் உள்ளது. மெலனினில் இரண்டு வகை. ஒன்று கருப்பும் பழுப்பும் தருவது, மற்றொன்று மஞ்சளும் சிவப்பும் தருவது. நம்மைப் போன்ற ஆசிய மக்களின் முடியில் முதல் வகை மிக அதிகம். அதனால்தான் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டி "இதே கலர் வேண்டும்" என்று கேட்டால் நமக்கு அது அப்படியே வருவதில்லை.

நிலையான ஹேர் கலர் வேலை செய்யும் விதம் இது. அமோனியா போன்ற காரப்பொருள் செதில்களை விரியச் செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே சென்று இருக்கும் கருமையைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. கூடவே நுழையும் சிறிய, நிறமற்ற மூலக்கூறுகள் அதே பெராக்சைடோடு வினைபுரிந்து பெரிதாகி, நிறம் பெற்று, வெளியே வர முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. 1907இல் யூஜின் ஷூலர் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் உருவாக்கிய சாயத்திலிருந்து, இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான நிலையான சாயங்கள் வரை அடிப்படை இதுதான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. கருத்த முடி வெளுக்கும்போது ஒரேயடியாக மஞ்சளாவதில்லை. முதலில் சிவப்பு, பிறகு செம்மஞ்சள், அதன் பிறகே மஞ்சள் வெளிப்படும். நம் முடியில் கலர் மங்கினால் செம்பட்டை தெரிவது இதனால்தான். பார்லர்காரர் மோசமான கலரைப் போட்டுவிட்டார் என்று உடனே நினைத்துவிட வேண்டாம். அடியில் ஏற்கெனவே இருந்த நிறம் வெளியே தெரிகிறது, அவ்வளவே.

பாக்கெட்டில் உள்ள எண்

ஷேடு கார்டில் 4.3, 5.5 என்று எண்கள் இருக்கும். புள்ளிக்கு முன் உள்ள எண் நிறத்தின் அடர்த்தி. 1 என்றால் கருப்பு, 3 அடர் பிரவுன், 5 இளம் பிரவுன், 10 மிக வெளிர் பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் முடி 1 முதல் 3க்குள் அடங்கும். புள்ளிக்குப் பின் உள்ள எண் நிறத்தின் சாயல். சாம்பலா, பொன்னா, செம்பா, மஹோகனியா என்பதை அது காட்டும். இந்த இரண்டாம் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியில் 4 செம்பு என்றால் இன்னொன்றில் அது சிவப்பாக இருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் கார்டில் உள்ள முடிக்கற்றையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பார்லர் விளக்கில் தெரியும் நிறமும் வாசலில் தெரியும் நிறமும் ஒன்றல்ல.

கலரோடு கலக்கும் டெவலப்பருக்கும் எண் உண்டு. 10 வால்யூம் என்றால் 3 சதவீத பெராக்சைடு. 20 என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்கவும் ஒன்றிரண்டு படி வெளுக்கவும் 20 போதும். 30 இரண்டு மூன்று படி வெளுக்கும். 40 தலைத்தோலை எரிக்கக்கூடியது. முழுத் தலைக்கும் அதை வேரோடு போடச் சம்மதிக்காதீர்கள்.

இதிலிருந்து ஒரு கணக்குப் புரியும். உங்கள் முடி 2ஆம் படியில் இருந்தால் 4, 5ஆம் படி வரை ப்ளீச் இல்லாமல் போகலாம். 7ஐத் தாண்டிய வெளிர் நிறங்களுக்கு ப்ளீச் இல்லாமல் முடியாது. ப்ளீச் செய்த முடி வறண்டு, நீண்டு, அறுந்துபோகும் வாய்ப்பு அதிகம். மேலும், ஏற்கெனவே சாயம் போட்ட முடியை இன்னொரு சாயத்தால் வெளுக்க முடியாது. கருப்பு டை அடித்த தலையில் பிரவுன் போட்டால் புதிதாக வளர்ந்த வேர் மட்டும் பிரவுனாகும், நீளம் கருப்பாகவே நிற்கும்.

யாருக்கு எது பொருந்தும்

நரை இல்லாத கருங்கூந்தலில் 4ஆம் எண் பிரவுன் வீட்டுக்குள் பார்த்தால் தெரியவே தெரியாது, வெயிலில் மட்டும் மின்னும். தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் 5 அல்லது 6 வேண்டும்.

நரை பாதிக்கு மேல் இருந்தால் 4 அல்லது 5இல் சாயல் கலக்காத இயற்கை பிரவுன் நல்லது. மஹோகனி, பர்கண்டி ஆசை இருந்தால் அதை மட்டும் தனியாகப் போடச் சொல்லாதீர்கள். வெள்ளை முடியில் அது பளீரென்ற சிவப்பாகிவிடும். பாதி இயற்கை பிரவுனோடு கலந்து போடச் சொல்லுங்கள். சிவப்பு வகைகள் அழகாக இருந்தாலும் மற்றவற்றைவிட வேகமாக மங்கும்.

செம்பட்டை பிடிக்காதவர்கள் சாம்பல் சாயல் கலந்த பிரவுனைக் கேட்கலாம். நீலச் சாயல் செம்மஞ்சளை அடக்கும், ஊதாச் சாயல் மஞ்சளை அடக்கும். பிரவுன் கூந்தலுக்கு நீல ஷாம்பு, ப்ளீச் செய்த வெளிர் கூந்தலுக்கு ஊதா ஷாம்பு என்று விற்பது இதற்காகத்தான்.

நரை அதிகம் இல்லாதவர்கள், முதன்முறை கலர் போடுபவர்கள், நிலையற்ற வகைகளையும் யோசிக்கலாம். அவை முடியை வெளுக்காது, சில வாரங்களில் தானாக மங்கிவிடும். பிடிக்கவில்லையென்றால் பெரிய நஷ்டம் இல்லை.

மருதாணி போட்ட தலை

நம் வீடுகளில் தலைக்கு மருதாணி போடுவது பழக்கம். அசல் மருதாணி இலைப்பொடி வெள்ளை முடியை ஆரஞ்சாக்கும். அதன்மேல் அவுரிப்பொடி போட்டால் பிரவுனும் கருப்பும் கிடைக்கும். சில பாக்கெட்டுகளில் உலோக உப்புகள் கலந்திருக்கும். அந்தத் தலையில் பெராக்சைடு பட்டால் சூடேறி, புகைந்து, முடி கையோடு வந்துவிடும். ஆகவே கடந்த சில மாதங்களில் தலைக்கு எது போட்டிருந்தாலும் பார்லரில் மறைக்காமல் சொல்லுங்கள். சீப்பில் உதிர்ந்த முடியைக் கொஞ்சம் எடுத்து அதில் கலவையைப் போட்டுச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் எப்படி வரும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கருப்பு மருதாணி: மிகவும் கவனம்

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வந்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறோம். நிக்காஹ் தேதி குறித்த ஓர் இளம் சகோதரி பார்லரில் குளோபல் கலர் போட்டுக்கொண்டார். மறுநாள் சுபுஹுக்குள் கண்கள் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது. தலைத்தோலிலிருந்து நீர் வடிந்தது. பல நாள் மருத்துவமனையில் இருந்தார், நிக்காஹ் தள்ளிப்போனது. "இதற்கு முன் டை அடித்திருக்கிறாயா?" என்று பார்லரில் கேட்டார்களாம். இல்லை என்று அந்தப் பெண் சொன்னது உண்மைதான். ஆனால் சில மாதங்களுக்கு முன் உறவினர் கல்யாணத்தில் கையில் கருப்பு மருதாணிக் கோன் போட்டபோது அந்த இடம் அரித்துத் தடித்ததை யாரும் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நிலையான ஹேர் டைகளில் பி.பி.டி. எனப்படும் பாரா ஃபினைலீன் டயமின் பெரும்பாலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் போடும் கலவையில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் உண்டு. தோலில் கோலம் போடும் கருப்பு மருதாணிக் கோன்களில் சிலவற்றில் இதே பொருளைக் கட்டுப்பாடில்லாமல் கலக்கிறார்கள். அது தோலில் பட்டு உடம்பு ஒருமுறை அதை எதிரியாகப் பதிவு செய்துகொண்டால், பிறகு எப்போது பட்டாலும் முன்பைவிடக் கடுமையாக எதிர்க்கும். அந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும்.

அசல் மருதாணி முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, மறுநாள் சிவந்து கருஞ்சிவப்பாகும். ஒரு மணி நேரத்தில் கரேலென்று பிடிக்கும் எதையும் பிள்ளைகளின் கையில் போடாதீர்கள். பெருநாள் இரவில் கோன் வாங்கிக் கொடுக்கும் தாய்மார்களுக்கு இதை நாம் அழுத்திச் சொல்கிறோம்.

"அமோனியா இல்லாதது, ஆகவே ஆபத்தில்லை" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அமோனியாவுக்குப் பதில் வாசனை குறைந்த வேறொரு காரப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். பி.பி.டி.யோ அதன் உறவுப்பொருளோ அதிலும் இருக்கலாம்.

இதற்கு வழி பேட்ச் டெஸ்ட். கலர் போடுவதற்கு 48 மணி நேரம் முன்னதாக, அதே கலரைப் பாக்கெட்டில் சொல்லியுள்ள முறைப்படி காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பார்ப்பது. அரிப்போ சிவப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் வேண்டாம். போன வருடம் போட்டது ஒத்துக்கொண்டது என்று இந்த வருடம் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். கருப்பு மருதாணியில் ஒருமுறை கொப்புளம் கண்டவர்கள் இந்தச் சோதனையையும் தாங்களாகச் செய்யாமல் முதலில் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கலர் போட்டபின் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட்டு, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஹேர் கலர் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். முதல் மூன்று மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது. தலையில் புண்ணோ பொடுகுச் சிரங்கோ இருந்தால் ஆறிய பிறகே போட வேண்டும். புருவத்துக்கும் இமைக்கும் ஹேர் டையைத் தொடவே கூடாது.

பார்லரில் பேசிக்கொள்ள வேண்டியவை

பெண்கள் மட்டும் வேலை செய்யும், வெளிப்பார்வை படாத பார்லராகப் பாருங்கள். "முன், பின்" என்று போன் படம் எடுத்து விளம்பரத்துக்குப் போடும் வழக்கம் இப்போது பரவலாக உள்ளது. படம் எடுக்க வேண்டாம் என்று உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தக் கம்பெனிக் கலர், எந்த எண், எத்தனை வால்யூம் டெவலப்பர் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு பார்லருக்குப் போனாலும் இது உதவும். ட்யூப்பை உங்கள் முன்னே திறக்கச் சொல்லுங்கள். இதுவரை சாயம் படாத முடியை வெளிர் நிறமாக மாற்றும்போது நீளத்தில் முதலில் தடவி, வேரில் கடைசியாகத் தடவுவதே முறை. தலைச் சூட்டில் வேர்ப்பகுதி வேகமாக வெளுத்து, உச்சி மட்டும் பளீரென்று தெரிவதை இது தடுக்கும்.

ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் செய்திருந்தால் கலருக்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். ரீபாண்டிங் செய்த முடியில் ப்ளீச் கூடவே கூடாது.

செலவையும் முதலிலேயே கணக்கிடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். நரையை மறைக்கப் போடுபவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரூட் டச்அப் தேவைப்படும். எட்டு வாரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஆறேழு முறை. முதல் நாள் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் இந்த வருடக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள். இயற்கை நிறத்திலிருந்து இரண்டு படிக்குள் நின்றால் வளரும் வேர் உறுத்தாது, செலவும் குறையும்.

பராமரிப்பு

கலர் போட்டபின் இரண்டு மூன்று நாள் ஷாம்பு போடாமல் இருப்பது நல்லது. ஆனால் இதற்காகக் கடமையான குளிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. வெறும் தண்ணீர் ஊற்றிக் குளித்தால் கலர் ஓடிவிடாது.

அதன்பிறகு வாரம் இரண்டு முறை போதும். சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர், வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர். எண்ணெய் வைப்பதென்றால் குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கும்.

போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் இரும்பும் முடியில் படிந்து நிறத்தை மங்கச் செய்யும். கடைசியாக ஊற்றும் இரண்டு செம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால்கூட வித்தியாசம் தெரியும்.

வெயில் கலரை வெளுக்கும். இந்த விஷயத்தில் முக்காடும் ஹிஜாபும் நமக்கு இயல்பான பாதுகாப்பு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஈரத்தலையோடு முக்காடு கட்டாதீர்கள். கலர் போட்ட முடி ஈரமாக இருக்கும்போது எளிதில் அறும். அயர்ன் செய்யும் மெஷினை அளவான சூட்டில் வையுங்கள். டச்அப் செய்யும்போது வேரில் மட்டும் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நுனி வரை இழுத்துவிட்டால் நுனி கருத்து, வறண்டு, பிளந்துபோகும்.

வீட்டில் பார்லர் நடத்தும் சகோதரிகளுக்கு

உங்கள் கைகளில் தினமும் சாயம் படுகிறது. சிகையலங்காரத் தொழிலில் நீண்ட காலம் சாயங்களோடு பழகுவதை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்துள்ளது. 2010இல் வெளியான அதன் அறிக்கை, சொந்தமாகப் போட்டுக்கொள்பவர்களைப் பொறுத்தவரை அப்படி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆகவே கையுறை இல்லாமல் கலக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வரும் பெண்ணிடம் "டை அடித்திருக்கிறீர்களா?" என்பதோடு "கருப்பு மருதாணி போட்டு எப்போதாவது அரித்ததா?" என்றும் கேளுங்கள். நம்மை நம்பித் தலையைக் கொடுப்பவரின் உடல்நலம் நம்மிடம் உள்ள அமானிதம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டை பாக்கெட்டையும் பாட்டிலையும் எண்ணெய், ஷாம்புவோடு சேர்த்து வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பி.பி.டி. உள்ள சாயம் வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் பழுதாகும். கொஞ்சம்தான் குடித்தது என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல் அந்த நிமிடமே பெரிய அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். முதல் சில மணி நேரம்தான் உயிரைக் காக்கும்.

இந்த இதழை வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளுக்கும் படிக்கக் கொடுங்கள். அல்லாஹ் நமக்கு அழகையும் ஆரோக்கியத்தையும் சேர்த்தே தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர், அறக்கட்டளை நிர்வாகத்திற்காக